பாம்புக்குப் பால் வார்த்தவர்கள்

நன்றி இல்லாதவனுக்கு உதவி செய்து துன்புறுவோரைக் கண்டால், "பாம்புக்குப் பால் வார்த்தாயே!" என்று இரங்கிக் கூறுவது நம் நாட்டு வழக்கம். இவ்வழக்கில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. பாம்பு பால் குடிக்கும் என்பது ஒன்று. குடித்த பின்னும் அது கொடுமையே செய்யும் என்பது மற்றொன்று. முதற் செய்தி உண்மைக்கு மாறானது. பாலூட்டி வளர்ப்பது ஊர்வனவற்றின் இயல்பு இல்லை. ஆதலால் பாலைச் செரிக்கும் ஆற்றலும் பாம்பின் வயிற்றுக்கு இல்லை. பல நாள் தண்ணீர் காட்டாமல் வாட்டிய பாம்பின் முன் கிண்ணத்தில் பாலை வைத்தால், தாகம் தாங்காமல் அது வாய் வைக்கும். அப்பால் அதற்கு உணவாவதில்லை, நோயாகவே முடியும். இரண்டாவது செய்தியும் எல்லாப் பாம்புக்கும் பொருந்தாது. உலகில் ஏறத்தாழ 4,000 வகைப் பாம்புகள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றுள் நஞ்சுடையவை சுமார் 600 வகைகளே. எஞ்சியவை எலியையும் தவளையையும் பூச்சியையும் தின்று, மனிதர் காலடி ஓசை கேட்ட அளவில் ஒதுங்கி ஓடும் எளிய உயிர்கள்.

இவ்வெளிய பாம்புகளை மனிதர் தம் வீட்டிலே வைத்து வளர்த்த வரலாறு ஒன்று உண்டு. இஃது இக்காலத்து இளைஞர் சிலரின் புதுப் பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். நான் பழைய நூல்களில் தேடிப் பார்த்த அளவில், இப்பழக்கத்திற்கு வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அந்நெடுங்காலம் முழுவதிலும் ஒரு கேள்வி தொடர்ந்து வருவதை நான் காண்கிறேன். வீட்டில் வைத்த பாம்புக்கு மனிதன் எதைக் கொடுத்தான்? அதற்கு வேண்டியதைக் கொடுத்தானா, தனக்குப் பிடித்ததைக் கொடுத்தானா? இந்தக் கேள்வியைக் கையில் விளக்காகக் கொண்டு அவ்வரலாற்றுக்குள் நுழைவோம்.

முதலில் கிரேக்க நாட்டிற்குச் செல்வோம். அந்நாட்டில் எப்பிடாரஸ் என்னும் ஊரில், மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிலீப்பியஸுக்குப் பெருங்கோயில் ஒன்று இருந்தது. நோயாளிகள் அங்கே சென்று இரவு தங்குவர். கனவிலே தெய்வம் மருந்து சொல்லும் என்று நம்புவர். அக்கோயிலில் பாம்புகள் தடையின்றி உலவின. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் சுற்றிப் பயண நூல் எழுதிய பாசேனியஸ், அந்தப் பக்கத்தில் மஞ்சள் சாயலுள்ள பாம்புகள் உண்டென்றும், அவை மனிதரோடு பழகும் இயல்பினவென்றும் குறித்திருக்கிறார். இன்றும் மருத்துவரின் அடையாளமாக விளங்கும் கோலைச் சுற்றிய பாம்பு அந்தத் தெய்வத்தின் கையிலிருந்து வந்ததே.

கி. மு. 293-ஆம் ஆண்டில் ரோமாபுரியைக் கொள்ளைநோய் வாட்டியது. நகரத்தார் எப்பிடாரஸுக்குத் தூதர்களை அனுப்பினார்கள். கோயிற் பாம்பு ஒன்று தானே ஊர்ந்து வந்து அவர்களுடைய கப்பலில் ஏறிற்று என்றும், கப்பல் ரோமாபுரியை அடைந்ததும் ஆற்றில் இறங்கி டைபர் நதியின் நடுவிலுள்ள தீவில் தங்கிற்று என்றும் ரோமர் கூறினர். தீவிலே கோயில் எழுந்தது. பிற்காலத்தார் அத்தீவின் கரையையே கப்பலின் வடிவில் கல்லால் அமைத்தனர். அக்கற்கப்பலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அத்தீவில் இன்றும் மருத்துவமனை இருக்கிறது.

கோயிலுக்கு வந்த பாம்பு வீட்டிற்குள் புக நெடுங்காலம் ஆகவில்லை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, அந்த இனப் பாம்புகளை மக்கள் வீடுகளில் சாதாரணமாக வளர்க்கின்றனர் என்கிறார். நகரத்தில் அடிக்கடி நேரும் தீவிபத்துகள் அவற்றின் முட்டைகளை அழிக்காவிட்டால், பெருகிவிடும் பாம்புகளைச் சமாளிக்க முடியாது என்றும் எழுதுகிறார். விருந்தினரின் கோப்பைகளுக்கு இடையிலும் மடியிலும் பாம்பு தீங்கின்றி ஊர்ந்து செல்லும் காட்சியைச் செனீக்கா குறிப்பிடுகிறார். குளிர்ந்த பாம்பைக் கழுத்திலே சுற்றிக்கொள்ளும் ஒரு பெண்ணை மார்ஷியல் என்னும் கவிஞர் தம் சிறு பாடலொன்றில் காட்டுகிறார். கி. பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்தை அகழ்ந்தபோது, வீட்டுத் தெய்வங்களின் மாடத்தருகே சுவர்தோறும் பாம்போவியங்கள் வெளிப்பட்டன. அவை அச்சமூட்ட எழுதப்பட்டவை அல்ல. இல்லத்தைக் காக்கும் தெய்வத்தின் உருவாக எழுதப்பட்டவை.

ரோமப் பேரரசன் டைபீரியஸும் ஒரு பாம்பை வளர்த்தான். வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் அதைப் பற்றிக் கூறுவது சுவையானது. அரசன் நாள்தோறும் தன் கையாலேயே அதற்கு உணவூட்டுவான். தன் இறுதிக் காலத்தில் தலைநகரை நோக்கிப் பயணம் செய்தவன், வழியிலே வழக்கம்போல் உணவளிக்கச் சென்றான். எறும்புகள் மொய்த்துப் பாம்பைத் தின்றுவிட்டிருந்தன. மக்கள் கூட்டத்தின் வலிமைக்கு அஞ்சுக என்பதே இதன் பொருள் என்று குறி சொன்னார்கள். அரசன் நகரத்துள் புகாமலே திரும்பினான், கி. பி. 37-இல் இறந்தான். இதனைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். பாம்பு இறந்தது, உடனே அரசனுக்கு அதிலே என்ன அறிகுறி என்று ஆராய்ந்தார்கள். பாம்பு எதனால் நலிந்தது, பயணத்தின் குளிரா, வெயிலா, பட்டினியா என்பது பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. அப்பாம்பு அரசனுடைய விதியை எழுதிக் காட்டும் ஓர் ஏடாக இருந்ததே ஒழிய, தனக்கென ஒரு வாழ்வு உடைய உயிராக எவர் கண்ணுக்கும் தோன்றவில்லை.

ரோமாபுரி வீழ்ந்தது. கிறிஸ்தவ சமயம் ஐரோப்பா எங்கும் பரவிற்று. வீட்டுப் பாம்புகள் தெய்வநிலையிலிருந்து இறங்கின. எனினும் ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில், பால்டிக் கடற்கரையை ஒட்டிய லிதுவேனிய நாட்டில், பழைய வழக்கம் நெடுநாள் நீடித்தது. அந்நாடு கிறிஸ்தவ சமயத்தை ஏற்றது 1387-ஆம் ஆண்டில்தான். அங்கே வீடுகளில் வாழ்ந்தது புற்பாம்பு என்னும் சிறிய பாம்பு. லிதுவேனியர் அதனை ஜால்ட்டிஸ் என்பர். தலைக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் கழுத்துப்பட்டை அணிந்ததுபோல் அடையாளம் உண்டு. நஞ்சு சிறிதும் இல்லை. பிடித்தால் பெரும்பாலும் கடிப்பதுமில்லை. நாற்றமுள்ள நீரைக் கழிக்கும். அதுவும் பயன்படாவிட்டால் வாயைப் பிளந்து மல்லாந்து படுத்துச் செத்ததுபோல் நடிக்கும்.

லிதுவேனியரிடம் சமயத் தொண்டாற்றச் சென்ற பிராக் நகரத்து ஜெரோம் என்னும் துறவி தாம் கண்டவற்றை, பிற்காலத்தில் இரண்டாம் பயஸ் என்னும் பெயரோடு போப்பாண்டவரான ஈனியாஸ் சில்வியஸிடம் சொன்னார். அவர் அவற்றை எழுதி வைத்தார். ஒவ்வொரு குடும்பத் தலைவனும் வீட்டின் மூலையில் வைக்கோலின்மேல் ஒரு பாம்பை வைத்திருந்தான் என்றும், அதற்கு உணவும் படையலும் அளித்தான் என்றும் அக்குறிப்பு கூறுகிறது. ஜெரோம் அப்பாம்புகளையெல்லாம் ஊர்ப் பொதுவிடத்திற்குக் கொண்டுவரச் செய்து எரித்தாராம். ஒருவர் கும்பிட்டார், மற்றவர் கொளுத்தினார். இருவருடைய செயலுக்கும் நடுவே கிடந்த பாம்போ, தான் தெய்வம் என்பதையும் அறியாது. பேய் என்பதையும் அறியாது.

லிதுவேனியரும் அப்பாம்புக்குப் பாலே வைத்தார்கள் என்பது மரபு. கங்கைக் கரையிலும் காவிரிக் கரையிலும் உள்ள எண்ணம் பால்டிக் கரையிலும் தோன்றியது வியப்பே. ஆனால் இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. மாட்டை வளர்க்கும் மக்களுக்குப் பால்தான் வீட்டிலுள்ள சிறந்த பொருள். தம்மிடம் உள்ள சிறந்ததையே தெய்வத்துக்குத் தருவார்கள். உண்மையில் புற்பாம்பு அந்த வீடுகளை நாடி வந்த காரணம் வேறு. புற்பாம்பு முட்டையிடும், ஆனால் அடைகாக்காது. மக்கி அழுகும் குப்பையின் வெப்பத்திலே முட்டைகளை வைத்துவிட்டுப் போகும். குளிர்மிகுந்த அந்நாட்டில் உழவன் வீட்டு எருமேடே அதற்குக் கிடைத்த சிறந்த சூட்டிடம். அருகிலிருந்த குளத்திலும் ஈர நிலத்திலும் தவளை கிடைத்தது. ஆக, வீட்டார் பக்தியோடு வைத்த பாலைவிட, அவர்கள் கருதாமல் குவித்த சாணமே பாம்பின் குலத்தைக் காத்தது! எக்லே என்னும் பெண் பாம்பரசனை மணந்ததாகச் சொல்லும் கதை 1837-இல் அச்சேறி, இன்றும் லிதுவேனியர் வீடுகளில் வழங்குகிறது. வழிபாடு மறைந்தாலும் அன்பு மறையவில்லை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். அந்நாட்டின் தென்பகுதியில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்னும் பாதிரியார் வாழ்ந்தார். தம் ஊரின் பறவை, புழு, மரம், மழை அனைத்தையும் ஆண்டுக்கணக்காகக் கவனித்து அவர் எழுதிய கடிதங்கள் 1789-இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில், தமக்குத் தெரிந்த ஒருவர் பழகிய பாம்பொன்றை வளர்த்ததைச் சொல்லுகிறார். அமைதியாக இருக்கும்போது அதனிடம் எவ்வகை நாற்றமும் இல்லையாம். முன்பின் அறியாத ஒருவரோ நாயோ பூனையோ அறைக்குள் நுழைந்தால் சீறத் தொடங்கி, அறையில் எவரும் இருக்க இயலாதபடி நாற்றத்தை நிறைத்துவிடுமாம். செய்தி மிகச் சிறியது. ஆனால் நம் வரலாற்றில் இது ஒரு திருப்பம் என்று நான் கருதுகிறேன். இங்கே பாம்பு அரசனுக்குக் குறி சொல்லவில்லை, குடும்பத்தைக் காக்கவில்லை. அஞ்சும்போது எப்படி நடக்கிறது, அஞ்சாதபோது எப்படி இருக்கிறது என்று ஒருவர் கவனித்து எழுதுகிறார். பாம்பைப் பாம்பாகப் பார்க்கும் கண் இங்கே திறக்கிறது.

அந்தக் கண் முழுதும் திறக்க மேலும் நூறாண்டுகளுக்கு மேல் ஆயின. 1849-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில், ஊர்வனவற்றுக்கென்றே ஓர் இல்லம் அமைக்கப்பட்டது. உலகில் அத்தகையவற்றுள் அதுவே முதலாவது. ஆனால் ஊர்வனவற்றுக்கு எந்த அளவு வெப்பம் வேண்டும், எத்தகைய ஒளி வேண்டும் என்னும் நுட்பத்தை அறிந்து செயலாற்றியவர் அதற்குப் பின் வந்த ஒரு பெண்மணி. அவர் பெயர் ஜோன் புரொக்டர். சிறுமியாக இருந்தபோதே பல்லியையும் பாம்பையும் வீட்டில் வளர்த்தவர். உடல்நலம் குன்றியதால் பல்கலைக்கழகப் படிப்பைத் துறந்தவர். 1923-இல் அக்காட்சிசாலையின் ஊர்வனப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். அவர் திட்டமிட்ட புதிய இல்லம் 1927-இல் திறக்கப்பட்டது. கூடம் முழுவதையும் ஒரே அளவாகக் கொதிக்க வைக்காமல், அந்தந்த உயிருக்கு வேண்டிய வெப்பத்தை அந்தந்தக் கூண்டில் மின்சாரத்தால் அமைத்தார். 1931-இல், 34 வயதிலேயே மறைந்தார்.

இதன் அருமையை உணர வேண்டுமானால் பாம்பின் உடலமைப்பை நினைக்க வேண்டும். நமக்கு உடற்சூடு உள்ளிருந்து பிறக்கிறது. பாம்புக்கு வெளியிலிருந்து வர வேண்டும். வெயிலிலே கிடந்து சூடேற்றும். மிகுந்தால் நிழலுக்குப் போகும். சூடு போதாவிட்டால் உண்ட எலி வயிற்றிலே செரியாமல் அழுகும். ஆகவே வளர்க்கப்படும் பாம்புக்கு வேண்டுவன சில: ஒரு பக்கம் சூடும் மறு பக்கம் குளிர்ச்சியும் உள்ள இடம், ஒளிந்துகொள்ள ஒரு மறைவு, குடிக்கத் தண்ணீர், வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஓர் இரை. பால் வேண்டுவதில்லை, மாலை வேண்டுவதில்லை, மடியிலே கொஞ்சுவதும் வேண்டுவதில்லை. நாயைப் போல் அது தலைவனுக்காக வாசலில் காத்திருக்காது. கையில் எடுத்தால் அமைதியாக இருக்கிறதென்றால், இந்தக் கையால் தீங்கில்லை என்று பழகியிருக்கிறது என்பதே பொருள். அந்த அளவு நம்பிக்கையைப் பெறுவதே பெரிது.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், அமெரிக்காவில் நிகழ்ந்த இரண்டைச் சொல்ல வேண்டும். 1901 முதல் 1909 வரை குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகள் ஆலிஸ், சிறிய பச்சைப் பாம்பொன்றை வளர்த்தார். மெலிந்த உடலையுடைய தம் சிற்றன்னை ஒருவரின் பெயரையும், பச்சை நிறத்துக்காகக் கீரையின் பெயரையும் இணைத்து அதற்கு "எமிலி ஸ்பினாச்" என்று பெயரிட்டார். அதனைக் கைப்பையில் வைத்து விருந்துகளுக்குக் கொண்டு செல்வார். விருந்தினர் திடுக்கிடுவர், பத்திரிகைகள் எழுதும். செனீக்கா கண்ட ரோமாபுரி விருந்துக்கும் இதற்கும் இடையே பதினெட்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. பாம்பு மட்டும் அதே வேலையைத்தான் பார்த்தது!

மற்றொரு நிகழ்ச்சி அமைதியாக நடந்தது. ஆனால் அதன் விளைவு பெரிது. அந்நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில் சோளப்பாம்பு என்னும் இனம் உண்டு. தானியக் களஞ்சியங்களில் எலி தின்று திரியும் செந்நிறப் பாம்பு அது, நஞ்சற்றது, சாதுவானது. 1953-இல் வட கரோலினாவில் கருநிறமி அறவே இல்லாத சோளப்பாம்பு ஒன்று பிடிபட்டது. பெர்னார்ட் பெக்டெல் என்னும் தோல் மருத்துவர் அதனைப் பெற்று, இயல்பான நிறமுடைய பாம்போடு இணை சேர்த்து, தலைமுறையாகக் கணக்கெழுதி வந்தார். மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடியில் கண்ட அதே விதி பாம்பின் நிறத்திலும் செல்லுகிறது என்பது 1960-களின் தொடக்கத்தில் உறுதியாயிற்று. அன்றுமுதல் பாம்பு வளர்ப்போர் கையில் வண்ணக்கோல் கிடைத்ததுபோல் ஆயிற்று. வெள்ளை, ஆரஞ்சு, சாம்பல் என்று காட்டில் காணாத நிறங்களெல்லாம் கூண்டில் பிறந்தன. காட்டிலிருந்து பிடிப்பது குறைந்து, கூண்டிலே பிறப்பது பெருகிற்று என்பது நன்மை. அரிய நிறத்துக்கு அரிய விலை என்னும் வணிகம் பிறந்தது என்பது மறுபுறம்.

அந்த மறுபுறத்தின் விளைவை ஸ்பெயினுக்கு உரிய கிரான் கனாரியா தீவில் காணலாம். கலிபோர்னியாவைச் சேர்ந்த அரசப்பாம்பு என்பது நம் இராசநாகம் போன்ற கொடிய பாம்பு அன்று. நஞ்சற்ற சிறிய பாம்பு. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட அப்பாம்புகளிலிருந்து தப்பியவையோ விடப்பட்டவையோ 1998 முதல் அத்தீவின் வெளிகளில் காணப்பட்டன. அவற்றுள் பல வெளிறிய நிறமுடையவை. அந்நிறமே அவை கூண்டிலிருந்து வந்தவை என்பதைக் காட்டிற்று. அத்தீவில் இயற்கையாகப் பாம்பே கிடையாது. வேறெங்கும் இல்லாத பெரும்பல்லி இனமொன்று அங்கே வாழ்கிறது. பாம்பை அறியாத அப்பல்லிக்கு அதனிடமிருந்து தப்பும் வகையும் தெரியவில்லை. பாம்பு பரவிய இடங்களில் அப்பல்லிகள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டன என்று 2021-இல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. நஞ்சில்லாத பாம்பால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்போருக்கு அத்தீவு விடை சொல்லும். ஒரு வீட்டில் திறந்து விட்ட மூடி, ஒரு தீவின் உயிர்க்குலத்தையே குலைத்துவிட்டது.

இனி நம் நாட்டை நோக்குவோம். நம் வயல்களில் வாழும் சாரைப்பாம்பு நஞ்சற்றது, எலியின் பகைவன். சாரையும் நல்லபாம்பும் பிணைவதாக நம்மவர் சொல்லுவது, இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று வெல்ல முறுக்கி நிற்கும் போரே. கடித்தபின் மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று கதை கட்டப்பட்ட கொம்பேறிமூக்கன் மனிதருக்குத் தீங்கற்றது. எல்லாவற்றிலும் இரங்கத்தக்கது மண்ணுளிப்பாம்பின் நிலை. வால் மழுங்கியிருப்பதால் இருதலைப் பாம்பு என்று பெயர் பெற்ற அது, வீட்டிலே இருந்தால் செல்வம் கொழிக்கும் என்று மோசடிக்காரர் கதை பரப்பி, இலட்சக்கணக்கில் விலை பேசுகின்றனர். வாலையும் தலைபோல் காட்ட அதிலே காயம் உண்டாக்குவதும் உண்டு. டைபீரியஸ் பாம்பிடம் குறி கேட்டான். நம் காலத்தார் புதையல் கேட்கின்றனர். அவனையாவது மன்னிக்கலாம், அவன் காலத்தில் இவ்வளவு அறிவு வளரவில்லை.

1972-இல் இயற்றப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்நாட்டுக் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். இச்சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போரும் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றாயிற்று. இந்தத் தடை பாம்பின்மேல் கொண்ட வெறுப்பால் வந்ததன்று. ஒரு காலத்தில் தோலுக்காகச் சாரையும் நல்லபாம்பும் எண்ணிறந்தன கொல்லப்பட்டன. அந்த வணிகம் தடுக்கப்பட்டபின், பாம்பு பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்த இருளர் பெருமக்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் நஞ்சுள்ள பாம்புகளைச் சிறிது காலம் பானைகளில் வைத்துப் பேணி, மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துக்கொண்டு, பிறகு அவற்றைக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். பாம்பை வைத்திருப்பதற்கும் ஒரு கால எல்லை உண்டு, திருப்பித் தர வேண்டும் என்னும் நெறி அங்கே நடைமுறையில் இருக்கிறது. எங்கள் ஊரில் படிப்பறியாத உழவர் சிலர், "சாரையை அடிக்காதே, அது வயலுக்குக் காவல்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அதனை வீட்டுக்குக் கொண்டுவரவும் இல்லை. பால் வைக்கவும் இல்லை. வரப்பிலே அதற்கொரு வழி விட்டார்கள், அவ்வளவே. நான் அறிந்த பாம்பு வளர்ப்புகளில் மிகச் சிறந்தது அதுதான்.

அயல்நாடுகளில் சட்டம் இடம் தரும் இடத்தில், கூண்டிலே பிறந்த சிறு பாம்பை அறிவோடும் பொறுப்போடும் வளர்ப்போரை நான் குறை கூற மாட்டேன். சோளப்பாம்பு பதினைந்து, இருபது ஆண்டு வாழும். அத்தனை ஆண்டும் அதன் வெப்பத்துக்கும் இரைக்கும் பூட்டுக்கும் பொறுப்பேற்பவரே வளர்ப்பவர் எனத் தக்கவர். மற்றவரெல்லாம் தம் ஆசையைப் பாம்பின் மேல் சுற்றி வைத்திருப்பவரே.

பாம்பு நன்றி கெட்டது என்று பழமொழி சொல்லுகிறது. இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைப் பார்த்தபின் எனக்கு அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. பாம்பு எந்நாளும் பால் கேட்டதில்லை. வெயிலும் நிழலும் இரையும் ஒதுங்க ஓர் இடமும் அல்லாமல் மனிதரிடம் அது வேறொன்றும் வேண்டியதில்லை. கேளாததைக் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்த்தவர்கள் நாமே. ஓர் உயிரிடம் அன்பு காட்ட விரும்புவோர், அதற்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டறிய வேண்டும். இப்பாடம் பாம்புக்கு மட்டும் உரியதா என்பதை நேயர்களின் சிந்தனைக்கே விட்டுவிடுகிறேன்.